14-ஆம் பெனடிக்ட்: அருளானந்தருக்கு வழிவிட்டவரே மலபார் சடங்குகளைத் தடுத்தது எப்படி?

செம்மண் (கேள்வி):

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுக்கும் வழக்கு ரோமில் நடந்தபோது, மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் உள்ளூர்ச் சடங்குகளை விட்டுவைத்தது ஒரு தடையாக எழுப்பப்பட்டது. 1741-ல் பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் "அது இந்த வழக்குக்குத் தடையல்ல" என்று தீர்த்தார். அதே மனிதர் 1744 செப்டம்பர் 12-ல், "மலபார் சடங்குகள்" எனப்பட்ட அந்தச் சடங்குகளையே தடுத்து ஆணை போட்டார்.

நடுவில் மூன்று வருடம்தான். மனம் மாறினாரா, யாராவது நெருக்கினார்களா, அல்லது இரண்டும் வேறு வேறு விஷயமா? பங்கு மலருக்கு ஒரு கட்டுரை தயாராகிறது, அதில் "முரண்பட்ட பாப்பரசர்" என்று எழுதலாமா என்பதுதான் கேள்வி.

கூடவே இரண்டு சின்னச் சந்தேகம். அவரைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதம் ஆனது உண்மையா? புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்துக்கு இரும்பு வளையம் மாட்டியது இவர் காலத்திலா?

ஏட்டுப்பூச்சி:

"முரண்பட்ட" என்று எழுத வேண்டாம். அந்த ஆளின் தொழில் என்ன என்று பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ப்ரொஸ்பெரோ லம்பெர்த்தினி (14-ஆம் பெனடிக்டின் இயற்பெயர்) 1675 மார்ச் 31-ல் பொலோஞாவில் பிறந்தவர். 13 வயதில் ரோமில் கிளெமெந்தினோ கல்லூரி, 1694-ல் இறையியலிலும் சட்டத்திலும் முனைவர். 1708 முதல் 1728 வரை விசுவாசக் காப்பு வழக்கறிஞர், அதாவது ஊர் வழக்கில் "சாத்தானின் வக்கீல்". ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்லும்போது "ஏன் கொடுக்கக் கூடாது" என்று வாதாடுவதுதான் அந்தப் பதவி. இருபது வருடம் அதையே செய்தார். பிறகு அங்கோனா ஆயர், 1731-ல் பொலோஞாவின் பேராயர். புனிதர் பட்ட வழக்குகளை எப்படி நடத்துவது என்று அவர் எழுதிய பெருநூல் 1734-க்கும் 1738-க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக வந்தது. ஆக, நாற்காலியில் உட்கார்ந்தது ஒரு நீதிமன்ற மூளை.

இனி 1741. அன்று அவர் முன் இருந்த கேள்வி "இந்தச் சடங்கு சரியா தப்பா" என்பதல்ல. "1693-ல் இறந்துபோன ஒருவர், அன்றைக்கு அனுமதி இருந்த ஒன்றைச் செய்ததற்காக இன்று குற்றவாளியா" என்பதே கேள்வி. 1623 ஜனவரி 31-ல் 15-ஆம் கிரகோரி, தத்துவபோதகர் (ராபர்ட் டி நொபிலி) தொடர்பான பிணக்கில், பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கைச் சாயல் நீக்கி வைத்துக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக அனுமதித்திருந்தார். பாண்டிச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் அந்தச் சடங்குகளுக்குத் தடையாணை போட்டது 1704-ல். அருளானந்தர் அதற்குப் பதினோரு வருடம் முன்பே போய்விட்டார். பின்னால் வந்த சட்டத்தை முன்னால் இறந்தவர் மேல் ஏற்ற முடியாது. எந்த முன்சீப் கோர்ட்டும் இதைத்தான் சொல்லும்.

1744-ல் கேள்வி வேறு: "இனிமேல் மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களில் சட்டம் என்ன?" அதற்கு அவர் பதில் கண்டிப்பானது. 1742 ஜூலை 11-ல் சீனச் சடங்குகளுக்கும் இதே முடிவைத்தான் சொல்லியிருந்தார். நாற்பது வருடம் இழுத்த வழக்கை மூடுவதுதான் நோக்கம்.

இன்னொரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூப்பர்த்தினோ யோசேப்பு ஜெபத்தில் தரையிலிருந்து எழும்பினார் என்று சொல்லப்பட்டவர். வழக்கறிஞராக இருந்தபோது அவருக்கு எதிராக ஆட்சேபங்களை அடுக்கியவர் லம்பெர்த்தினி. 1753-ல் பாப்பரசராக அதே யோசேப்புக்கு அருளாளர் பட்டம் கொடுத்தவரும் அவரே. ஆட்சேபத்துக்கு ஆதாரத்தோடு பதில் வந்துவிட்டால் மேற்கொண்டு பிடிவாதம் கிடையாது. இதுதான் அவர் பாணி.

கோட்டாற்றுவாசி:

மேலே சொன்னதோடு, அந்த ஆணையில் என்ன இருந்தது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். "மலபார் சடங்குகள்" என்று மட்டும் எழுதினால் வாசகர் கேரளத்தை நினைப்பார். அக்காலத்து ஐரோப்பியர் மலபார் என்றது பெரும்பாலும் தமிழரை. சண்டை நடந்தது பாண்டிச்சேரியிலும் காவேரிக் கரையிலும்.

அடிப்படை ஆவணம் 1704 ஜூன் 23 தேதியிட்ட தூர்னோன் ஆணை, 16 கூறுகள். அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை என்ற பட்டத்தோடு சீனாவுக்குப் போகும் வழியில் 1703 நவம்பரில் பாண்டிச்சேரியில் இறங்கியவர் அவர். நோயில் படுத்தவர் அந்த ஊரைத் தாண்டி எங்கும் போகவில்லை. உள்நாட்டு விவரமெல்லாம் பூஷே, பெர்த்தோல்தி என்ற இரண்டு சேசு சபைக் குருக்களிடம் கேட்டுக்கொண்டது. ஜூலை 8-ல் ஆணையைக் கையில் கொடுத்தார், 11-ல் கப்பல் ஏறிவிட்டார். ஆட்சேபிக்கக்கூட நேரமில்லை. அடுத்த நாற்பது வருடக் குழப்பத்துக்கு இந்த மூன்று நாள் அவசரமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கூறுகளில் முக்கியமானவை:

ஞானஸ்நானத்தில் எச்சில், உப்பு, ஊதுதல் மூன்றையும் விடக் கூடாது. குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பது லத்தீன் சடங்கில் இருந்தது. எச்சில் தீட்டு என்று வளர்ந்த நாட்டில் இதைப் பார்த்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால்தான் குருக்கள் ஓசைப்படாமல் விட்டிருந்தார்கள்.

பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. சிலுவையோ, கிறிஸ்துவின் அல்லது மாதாவின் உருவமோ போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறும் கூடாது. கல்யாணப் பந்தலில் அரசங்கிளை நடுவதும் தேங்காய் உடைப்பதும் கூடாது. ஆறேழு வயதில் கல்யாணம் கூடாது. பெண் வயதுக்கு வந்ததை ஊரறியக் கொண்டாடக் கூடாது. மாதவிலக்கு நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது. சாணச் சாம்பல் பூசக் கூடாது. கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் திருவிழாவில் வாசிக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கனமானது, பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு வீட்டுக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் (சாகும் நேரத்து எண்ணெய்ப் பூசுதல்) கொடுக்க வேண்டும் என்பது. அதுவரை நோயாளியைக் கட்டிலோடு வெளியே, ஒரு பொது இடத்துக்கோ கோயிலுக்கோ தூக்கி வரச் சொல்வார்கள். குரு அந்த வீட்டுக்குள் போனது தெரிந்தால் மற்ற சாதியார் அவரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது சேசு சபையாரின் வாதம்.

12-ஆம் கிளெமெந்து 1734-லும் 1739-லும் இதையெல்லாம் சில திருத்தங்களோடு உறுதிசெய்து, குருக்கள் எல்லோரும் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றார். 1744-ல் 14-ஆம் பெனடிக்ட் செய்தது, முந்தைய ஆணைகளை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு மொத்தத்தையும் மறுபடி உறுதிசெய்தது. ஆணையின் பெயர் "ஓம்னியும் சொலிசித்தூதினும்". இரண்டு இடத்தில் மட்டும் நெகிழ்ச்சி. எச்சில், ஊதுதல் விஷயத்தில் காலவரம்போடு விலக்கு கொடுத்தார். பறையர் வீட்டுக்குப் போகும் விஷயத்தில், அவர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்ற சேசு சபையாரின் யோசனையை ஏற்றார்.

செம்மண்:

தனிக் குருக்கள் என்றால் தீண்டாமையைத் திருச்சபையே சட்டமாக்கிய மாதிரி ஆகாதா? வீட்டுக்குள் போ என்று ஒரு கையால் கட்டளை, போகிற ஆளைப் பிரித்து வைக்க மறு கையால் அனுமதி.

கோட்டாற்றுவாசி:

சரியாகப் பிடித்தீர்கள். அவர் மேசைக்கு வந்தது "சாகக் கிடப்பவனுக்குச் சடங்கு கிடைக்கிறதா இல்லையா" என்ற சட்டக் கேள்வி. தனிக் குரு போனால் சடங்கு கிடைத்துவிடும், சட்டம் நிறைவேறிவிடும். சாதி அப்படியே நிற்கும். கோயிலுக்குள் தனி இடம், தனி வாசல் எல்லாம் தொடர்ந்தன. வடக்கன்குளம் கோயிலின் பிரிப்புச் சுவர் வரை வந்த கதை அது.

ஒரு எச்சரிக்கை: 1744 ஆணை "சாதியை எதிர்த்த ஆணை" என்று சிலர் எழுதுகிறார்கள், "தமிழ்ப் பண்பாட்டை அழித்த ஆணை" என்று வேறு சிலர். 16 கூறையும் வரிசையாகப் படித்தால் இரண்டு வகையும் கலந்தே கிடக்கிறது. குழந்தைக் கல்யாணத் தடையும் அதில்தான், தேங்காய்த் தடையும் அதில்தான். ஒரு பக்கத்தை மட்டும் உருவி எழுதாதீர்கள்.

பிரமாணம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதையும் சேருங்கள். இந்தியாவுக்கு வரும் குருக்கள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். ரத்தானது 1940 ஏப்ரலில், 12-ஆம் பத்திநாதர் காலத்தில்.

கணக்கன்:

சின்னச் சந்தேகங்களுக்கு.

தேர்தல்: 12-ஆம் கிளெமெந்து 1740 பிப்ரவரி 6-ல் இறந்தார். கர்தினால்மார் பூட்டிய அறைக்குள் போனது பிப்ரவரி 18, முடிவு வந்தது ஆகஸ்ட் 17. ஆறு மாதம்தான். நடுவில் நான்கு கர்தினால்கள் இறந்தார்கள். சிக்கல் எளிது: மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், ஆனால் போன பாப்பரசரின் சகோதரர் மகன் கொர்சீனி கட்சிக்கும் கர்தினால் அல்பானி கட்சிக்கும் அடுத்தவரைத் தடுக்க மட்டும் போதுமான பலம் இருந்தது. பொலோஞாக்காரரான அல்த்ரொவாந்தி 33 வாக்கு வரை போய், ஒரே வாக்கில் நின்றுவிட்டார். கோடை வெயிலில் எல்லோரும் களைத்த பிறகு, யாருடைய பட்டியலிலும் முதலில் இல்லாத லம்பெர்த்தினி வந்தார். வயது 65. "புனிதர் வேண்டுமானால் கொத்தி, ராஜதந்திரி வேண்டுமானால் அல்த்ரொவாந்தி, நல்ல மனுஷன் போதுமென்றால் நான்" என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி உலவுகிறது. "சொன்னதாகக் கூறப்படுகிறது" என்றே போடுங்கள். தன்னைக் கர்தினால் ஆக்கிய 13-ஆம் பெனடிக்டின் நினைவாகப் பெயர் வைத்துக்கொண்டார்.

குவிமாடம்: ஆம், இவர் காலத்தில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் கட்டடப் பொறியியலில் இது ஒரு திருப்பம்.

குவிமாடத்தில் மேலிருந்து கீழாக விரிசல்கள் ஓடின. குவிமாடம் தன் எடையால் அடியை வெளியே தள்ளும். அதைத் தாங்க ஆரம்பத்திலேயே உள்ளே இரும்பு வளையங்கள் வைத்துக் கட்டியிருந்தார்கள். 1742-ல் பெனடிக்ட் மூன்று கணித அறிஞர்களிடம் கேட்டார்: லெ செயர், ஜாக்கியே, சேசு சபையைச் சேர்ந்த பொஸ்கோவிச். அவர்கள் விரிசல்களை அளந்து, குவிமாடம் எந்த இடங்களில் கீல் போல மடங்கித் திறக்கிறது என்று வரைந்து, தள்ளும் விசைக்கும் தாங்கும் விசைக்கும் கணக்குப் போட்டார்கள். தாங்கும் பக்கம் 30 லட்சம் ரோமன் பவுண்டுக்கும் மேல் பற்றாக்குறை வந்தது. கேலியும் உடனே வந்தது: "அவ்வளவு குறை என்றால் எப்போதோ விழுந்திருக்க வேண்டுமே!" கேலியில் நியாயம் உண்டு. காரையும் கல்லும் தரும் பிடிப்பை அவர்கள் கணக்கில் சரியாகச் சேர்க்கவில்லை.

பிறகு பதுவாவிலிருந்து ஜொவான்னி பொலேனியை வரவழைத்தார். அவர் வழி வேறு. குவிமாடத்தை 50 சுளைகளாகப் பிரித்து, ஒரு சுளையின் எடைப் பங்கீட்டுக்கு ஏற்ப 32 குண்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டார். தொங்கும் வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சுளையின் குறுக்குவெட்டோடு ஒப்பிட்டார். கோடு சுவரின் கனத்துக்குள்ளேயே விழுந்தது. ஆகவே வடிவம் பிழையல்ல, உடனே விழாது என்றார். ஆனாலும் வளையம் போடச் சொன்னார்.

கோட்பாட்டில் மோதிய இரண்டு தரப்பும் மருந்தில் ஒன்றுபட்டதால் பெனடிக்ட் வாதத்தை நிறுத்திவிட்டு வேலையைக் கொடுத்தார். கட்டடக் கலைஞர் வன்வித்தெல்லி மேற்பார்வையில் 1743-44-ல் வெவ்வேறு உயரங்களில் ஐந்து இரும்பு வளையங்கள் போட்டார்கள். வேலைக்கிடையே பழைய வளையம் ஒன்று அறுந்து கிடந்தது தெரியவந்தது. விரிசலுக்கு அதுவும் ஒரு விளக்கம். 1748-ல் ஆறாவது வளையம். குவிமாடம் இன்றும் நிற்கிறது.

மறுகரை:

எல்லோரும் அவரை நல்ல நீதிபதியாகவே வரைகிறீர்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது.

"அறிவொளிப் பாப்பரசர்" என்று சொல்லக் காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. பொலோஞா பல்கலைக்கழகத்தில் லாரா பாஸி என்ற பெண் அறிஞருக்கு ஆதரவு கொடுத்தார், 1750-ல் மரியா ஆஞேசி என்ற பெண்ணுக்குக் கணிதப் பதவி கொடுத்தார். பிரெஞ்சு எழுத்தாளர் வொல்தேர் தன் நாடகம் ஒன்றை இவருக்குச் சமர்ப்பித்தார். 1758-ல் வந்த தடைநூல் பட்டியலிலிருந்து "பூமி சுற்றுகிறது என்று சொல்லும் எல்லா நூல்களும்" என்ற பொதுத் தடை எடுக்கப்பட்டது. ஆனால் கலிலேயோவின் நூல் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. இந்த இரண்டாவது பாதியை யாரும் எழுதுவதில்லை.

யூதர்கள் விஷயத்தில் அவர் சட்ட மூளை கொடூரமாகவே வேலை செய்தது. 1747-ல் ஒரு விதி: பெற்றோர் சம்மதமில்லாமல் யூதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு, ஆனால் கொடுத்துவிட்டால் அது செல்லும், செல்வதால் குழந்தையைக் கிறிஸ்தவர் வளர்க்க வேண்டும். முதல் வரியில் தவறு என்று சொன்னதற்குக் கடைசி வரியில் பயனில்லை. 1858-ல் பொலோஞாவில், அவர் பிறந்த ஊரிலேயே, மோர்த்தாரா என்ற யூதக் குடும்பத்துச் சிறுவனைப் போலீஸ் தூக்கிப் போனது இந்தத் தர்க்கத்தின்படிதான். 1751-ல் போலந்து ஆயர்களுக்கு எழுதிய மடலும் யூதர்களோடு கலந்து வாழ்வதைக் கண்டிப்பதுதான்.

ஏட்டுப்பூச்சி:

மறுகரை சொல்வதை முழுசாக ஏற்கிறேன். அதே சட்டத்தன்மைதான் நல்லதையும் செய்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன். 1753 ஜூலை 9-ல் நூல் தணிக்கைக்கு அவர் போட்ட விதிகளைப் பாருங்கள். ஒரு தணிக்கையாளர் தடை செய்யச் சொன்னால், முதல்வர் பெயரை மறைத்து இரண்டாமவரிடம் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் மாறுபட்டால், இருவர் பெயரையும் மறைத்து மூன்றாமவரிடம். நூலை முழுக்கப் படிக்காமல், ஒரு வரியை இடத்திலிருந்து பிடுங்கித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நற்பெயருள்ள கத்தோலிக்க ஆசிரியர் என்றால் அவர் தரப்பையும் கேட்கலாம். தணிக்கை தணிக்கைதான், ஆனால் அந்த நூற்றாண்டுக்கு இது பெரிய கட்டுப்பாடு.

1745 நவம்பர் 1-ல் வட்டி பற்றி எழுதிய மடலும் அப்படித்தான். வெரோனா நகரம் 4 சதவீதத்துக்குக் கடன் திரட்டியதில் எழுந்த சர்ச்சைதான் பின்னணி. கடன் கொடுத்ததற்காக மட்டுமே வட்டி வாங்குவது பாவம், ஆனால் நட்டம், கைவிட்ட லாபம் போன்ற வேறு நியாயம் இருந்தால் அதற்கு ஈடு கேட்கலாம் என்று பிரித்தார். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவைக்கும் வேலை.

செம்மண்:

கடைசியாக ஒன்று. தேவசகாயம் பிள்ளை (கிறிஸ்தவராக மாறிய பின் கொல்லப்பட்டவர்) இறந்தது 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. அதுவும் இந்தப் பாப்பரசர் காலம்தானே. ரோமுக்குச் செய்தி போனதா?

கோட்டாற்றுவாசி:

போனது. கொச்சி ஆயர் கிளெமென்ஸ் ஜோசப் 1756-ல் ரோமுக்கு அனுப்பிய மறைமாவட்ட அறிக்கையில் தேவசகாயத்தின் மரணம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அறிக்கை போவது வேறு, வழக்குத் தொடங்குவது வேறு. அறிக்கையில் ஒரு மரணம் குறிக்கப்பட்டால் அது தகவல் மட்டுமே. வழக்குக்கு மறைமாவட்ட அளவில் விசாரணை, சாட்சிகள், கொன்றவர் விசுவாசத்தின் மீதான வெறுப்பால்தான் கொன்றார் என்பதற்கு ஆதாரம் எல்லாம் வேண்டும். வேறு அரசியல் காரணம் இருந்ததா என்று எதிர்த்தரப்பு துருவும். இந்த அளவுகோல்களை விரிவாக எழுதி வைத்தவர் சாட்சாத் லம்பெர்த்தினிதான்.

குணமான அற்புதங்களுக்கு அவர் வைத்த சோதனையையும் கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடலாம்: நோய் கடுமையாக இருக்க வேண்டும்; தானாகத் தணியும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது; மருந்து கொடுக்காமலோ, கொடுத்தும் பலிக்காமலோ இருந்திருக்க வேண்டும்; குணம் சட்டென்று வர வேண்டும்; முழுமையாக வர வேண்டும்; நோய் இயல்பாகவே குணத்தின் பக்கம் திரும்பும் கட்டத்தைத் தொடர்ந்து வந்ததாக இருக்கக் கூடாது; மறுபடி வரக் கூடாது.

பெனடிக்ட் 1758 மே 3-ல், 83 வயதில் இறந்தார். சாவதற்கு ஒரு மாதம் முன்பு, போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் கேட்டதன்பேரில் அங்குள்ள சேசு சபையை விசாரிக்கக் கர்தினால் சல்தாஞாவுக்கு அதிகாரம் கொடுத்தார். 1773-ல் 14-ஆம் கிளெமெந்து அந்தச் சபையையே கலைத்தபோது மதுரை மிஷன் ஆளில்லாமல் போனது. கட்டுரையை 1744-லேயே நிறுத்தினால் இந்தத் தொடர்ச்சி விட்டுப்போகும். இடம் இருந்தால் இரண்டு வரி சேருங்கள்.

தேதிகளில் ஒரு கவனம்: அருளானந்தருக்கு அருளாளர் பட்டம் 1853-ல், புனிதர் பட்டம் 1947 ஜூன் 22-ல். பெனடிக்ட் 1741-ல் தடையை நீக்கினார், அவ்வளவே. "பெனடிக்ட் பட்டம் கொடுத்தார்" என்று எழுதிவிடாதீர்கள். தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் 2022 மே 15.